அவதானிப்புக் குழுவில் ஒரு கழுத்து

பதுளை பஸ் நிலையத்துக்கு மேலே, மேட்டில், ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் சீட்டாடிய கட்டடத்தில், ஊவா மூளை முள்ளந்தண்டு ஆய்வு நிலையம் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு திறக்கப்பட்டது. மந்திரி வந்தார், மேளம் வந்தது, பாற்சோறு வந்தது. மந்திரி நாடா வெட்டிய கத்தரிக்கோல்தான் அந்தக் கட்டடத்துக்குள் போன முதல் வெட்டுக் கருவி. கடைசியும் அதுதான். சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு என்று வந்த பணத்தில் குளிரூட்டிய மாநாட்டு மண்டபம் கட்டினார்கள். வெட்டுவதென்றால் ஆளைக் கொழும்புக்கு அனுப்பிக்கொள்ளலாம், மாநாட்டைக் கொழும்பில் வைத்தால் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடும் என்பது நிலையத் தலைவரின் வாதம்.

தலைவர் மூளை நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர் கனகசுந்தரம். யாழ்ப்பாணத்துக்காரர், சீமையில் படித்தவர். அவர் கெட்டிக்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இருந்தால் அவரே தீர்த்துவைப்பார். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி இருபது முப்பது வருடம் மலையேறிய பெண்களுக்குக் கழுத்தெலும்பு தேய்ந்து, உள்ளே ஓடும் தண்டுவடத்தை நெரிக்கிறது என்று அவர் கண்டுபிடித்திருந்தார். முதலில் விரல் போகும், பிறகு நடை போகும், பிறகு எல்லாம் போகும். கழுத்தைத் திறந்து நெரிவை எடுத்துவிடுவதா, பட்டி மாட்டிச் சும்மா இருப்பதா, எது நல்லது என்று உலகத்துப் பண்டிதர்களுக்குள் அப்போது வாக்குவாதம். அதைத் தீர்க்கக் கழுத்துகள் தேவைப்பட்டன. ஊவாவில் கழுத்துகள் தாராளம், கேள்வி கேட்பவர்கள் குறைவு.

அப்படித் தேவைப்பட்ட கழுத்துகளில் ஒன்று ரெங்கம்மாவுடையது.

நமுனுகுல மலைச் சரிவில் வெள்ளைப்பாறைத் தோட்டத்தில் அவள் கொழுந்தெடுப்பதைப் பார்த்து மயங்கித்தான் வீரய்யா அவளைக் கட்டினான். முகத்தைப் பார்த்தானோ என்னவோ, கையைப் பார்த்தான். கவ்வாத்துக் கத்தி பிடித்துச் செடி வெட்டுகிறவனுக்கு, செடிக்கு வலிக்காமல் ஓடும் அந்த இரண்டு கைகள் பெரிய அதிசயமாக இருந்தன. வருடங்கள் கழித்து அதே கை இரவிக்கைக் கொக்கியை மாட்டத் தெரியாமல் தடுமாறியது. பறித்த கொழுந்து கூடைக்குப் போகாமல் காலடியில் சிந்தியது. கங்காணி அரைநாள் சம்பளம்தான் என்று அரைப்பேர் போட்டான். வீரய்யாவுக்கு அரைப்பேரைவிட அந்தக் கொக்கிதான் பயத்தைக் கொடுத்தது. தினமும் காலையில் அவனே மாட்டிவிட்டான். பேர் பதியும் பெரட்டுக்குப் போகும் வழியில் அவள் அழுவதைப் பார்க்காத மாதிரி முன்னால் நடந்தான். அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்தக் கை திரும்ப வேண்டும்.

தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து லொறியில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். மாநாட்டு மண்டபத்தில் கம்பளிக்குள் ஒடுங்கிக்கொண்டு பெண்களும் புருஷன்மாரும் உட்கார்ந்திருக்க, கனகசுந்தரம் மேடையேறினார். முதலில் ஒருவர் அவருடைய பட்டங்களை வாசித்தார். அதற்கே கொஞ்ச நேரம் போயிற்று.

"இஞ்ச பாருங்கோ," என்றார் நிபுணர். "ஆருக்குக் கழுத்தை வெட்டுறது, ஆருக்குப் பட்டி போடுறது எண்டதை நான் தீர்மானிக்கிறேல்லை. நீங்களும் தீர்மானிக்கிறேல்லை. இந்தப் பெட்டியிலை இருக்கிற உறை தீர்மானிக்கும். என்னை விடப் பெரிய சக்தி ஒண்டு இருக்கெண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. நான் அதை லேசிலை சொல்லுற ஆள் இல்லை."

ரெங்கம்மாவுக்கு இது உடனே விளங்கிவிட்டது. கல்யாணம் கூடுமா கூடாதா என்று தெரியாவிட்டால் தோட்டத்தில் மாரியம்மன் முன்னால் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலம் கட்டிப் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வந்தது ஆத்தாவின் வாக்கு, மறுபேச்சு கிடையாது. பதுளையில் பூவுக்குப் பதில் காகிதம், பூசாரி டை கட்டியிருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். அவள் செருப்பைக் கழற்றினாள், கண்ணை மூடிக் கும்பிட்டாள், ஓர் உறையை எடுத்தாள். ஆய்வு உதவியாளர் ஜுனைதீன் அதைப் பிரித்து வாசித்தார்: அவதானிப்புக் குழு.

அவதானிப்பு என்றால் பார்த்துக்கொண்டிருப்பது. ரெங்கம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்க வெள்ளைப்பாறையில் கங்காணி, கணக்கப்பிள்ளை, சின்ன துரை, பெரிய துரை என்று வரிசையாக ஆட்கள் இருந்தார்கள். இப்போது பதுளையிலும் ஆள் போட்டாயிற்று. கழுத்தில் ஒரு பஞ்சுப் பட்டியை மாட்டி, மாதா மாதம் வரச் சொல்லி அனுப்பினார்கள்.

"ஆத்தா வேணாம்னுட்டா," என்றாள் ரெங்கம்மா லொறியில். "நான் என்னா பாவம் செஞ்சேன்னு தெரியல. கொமரியா இருக்கையில பக்கத்து லயத்துக் கோழி முட்டைய ஒளிச்சு வச்சேன். அதுக்கா இம்புட்டு?"

"சும்மா கெட புள்ள," என்றான் வீரய்யா. "நான் ஒரு ரோசன சொல்றேன். எப்படி இருக்குன்னு கேட்டா நல்லா இருக்கேங்கன்னு சொல்லு. கொற சொன்னா பேர வெட்டிப்புடுவாங்க. நல்ல ஆளுன்னு தெரிஞ்சாதான் ஒரு நாளைக்காச்சும் எரக்கப்பட்டு அறுத்து விடுவாங்க."

இதை மடத்தனம் என்று சிரிப்பவர்கள் பெரட்டுக் களத்தில் நின்றவர்கள் அல்ல. அங்கே காய்ச்சல் என்று சொன்னவனுக்குப் பேர் இல்லை, முதுகு வலி என்று சொன்னவளுக்கு மறுநாள் செங்குத்து மலை. கால்சட்டை போட்ட ஒருவர் "எப்படி இருக்கே" என்று கேட்டால் "நல்லா இருக்கேங்க" என்பதுதான் மூன்று தலைமுறையாகப் பதில். அது உடம்பைப் பற்றிய தகவல் அல்ல, கும்பிடு போடுவதற்குப் பதிலாகச் சொல்வது.

ஆனால் நிலையத்தில் ஒரு விதி இருந்தது. அவதானிப்புக் குழுவில் யாராவது "முன்னைவிட மோசம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னால் போதும், உடனே கொழும்புக்கு அனுப்பிக் கழுத்தை வெட்ட வேண்டும். அந்த விதியை நோயாளிகளுக்குச் சொல்லக்கூடாது என்று இன்னொரு விதியும் இருந்தது. தெரிந்தால் எல்லாரும் மோசம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள் என்று நிபுணர் அஞ்சினார். தப்பித்தால் ஆய்வு என்னாவது?

முதல் மாதம் ஜுனைதீன் கேட்டார். "எப்படி இரிக்கி?"

"நல்லா இருக்கேங்க," என்றாள் ரெங்கம்மா. கால் இரண்டும் மரக்கட்டையாகக் கனத்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்ற வீரய்யா பெருமையோடு தலையாட்டினான்.

அடுத்தது அளவுகோல். அது ஜப்பானிலிருந்து வந்தது. கையின் நிலைமையை அளக்க அதில் ஒரு கேள்வி இருந்தது: குச்சிகளைக் கொண்டு உணவு உண்ண முடிகிறதா?

ரெங்கம்மா புருஷனைப் பார்த்தாள். வீரய்யா ஜுனைதீனைப் பார்த்தான். ஜுனைதீன் கூரையைப் பார்த்தார். கடைசியில் ரெங்கம்மா, "நாங்க கையால திங்கிற ஆளுங்க," என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். முடியாது என்று பதிந்தார்கள். வந்திருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் முடியாது என்றே பதிவாகியது. வெட்டுக் குழு, பட்டிக் குழு என்ற பேதமில்லாமல் ஊவா மாகாணத்தின் கைகள் எல்லாம் ஒரே நாளில் செயலிழந்தன.

ஜுனைதீன் தலைவரிடம் போய், இந்தக் கேள்வியை எடுத்துவிட்டு ரொட்டி பிய்க்க முடிகிறதா என்று கேட்கலாமா என்றார்.

"ஜுனைதீன், அளவுகோல் சர்வதேசம்," என்றார் கனகசுந்தரம். "அதை மாற்றேலாது. ஆக்களை மாற்றலாம்."

ஆகவே வகுப்பு நடந்தது. பதுளை டவுனில் இருந்த ஒரே சீனச் சாப்பாட்டுக் கடையிலிருந்து குச்சிகள் வந்தன. கடைக்காரரே ஆசிரியர். கை போய்க்கொண்டிருந்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, அவித்த பலாக்கொட்டையைக் குச்சியால் எடுக்கப் பழகினார்கள். பலாக்கொட்டைகள் மண்டபமெங்கும் உருண்டன. பெண்கள் முதலில் வெட்கப்பட்டார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு பூனாகலையிலிருந்து வந்திருந்த ஒருத்தி குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு விம்மி விம்மி அழுதாள். அவளுடைய அழுகை எந்தக் குழுவையும் பாதிக்காதபடி பார்த்துக்கொண்டார்கள்.

ரெங்கம்மா இரண்டு குச்சியையும் சேர்த்து ஒரே முஷ்டியில் பிடித்து, பலாக்கொட்டையைக் குத்தித் தூக்கி வாயில் போட்டாள். விரல்கள் தனித்தனியாக அசைவதில்லை என்பதால் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. "சிரமத்தோடு முடிகிறது" என்று பதிந்தார்கள். போன மாதம் முடியாது, இந்த மாதம் சிரமத்தோடு முடிகிறது. முன்னேற்றம். கனகசுந்தரம் தானே வந்து அவள் தோளைத் தட்டினார். அந்தத் தட்டில் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள், வீரய்யா பிடித்துக்கொண்டான்.

அடுத்தடுத்த மாதங்களில், வருடங்களில் ரெங்கம்மா லயத்து வீட்டில் தேய்ந்துகொண்டே போனாள், நிலையத்தில் தேறிக்கொண்டே போனாள். லயத்தில் வீரய்யா அவளுக்குச் சோறு ஊட்டினான், தலை சீவினான், குளிக்கப் பீலித் தண்ணீருக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனான். நிலையத்தில் அவள் பட்டிக் குழுவின் தலைசிறந்த கழுத்து. ஆறு நல்ல விதமாக ஓடுகிறது என்று கரையில் நின்று சொல்பவனுக்கு என்ன, உள்ளே போகிறவனுக்கல்லவா தெரியும்.

பிறகு எல்ல என்ற சுற்றுலா ஊரில் ஒரு பெரிய ஹோட்டலில் முடிவு வெளியீடு நடந்தது. குளிரூட்டிய மண்டபம் பதுளையில் இருந்தாலும் மலை இடுக்கின் அழகு எல்லயிலிருந்துதான் தெரியும் என்று வெளிநாட்டுப் பண்டிதர்கள் சொல்லிவிட்டார்கள். கழுத்து நெரிந்த தோட்டத்துப் பெண்களுக்கு வெட்டு அவசியமில்லை, பட்டியே போதும், சில பேருக்குப் பட்டிதான் மேல் என்று கனகசுந்தரம் நிறுவினார். "எங்கட ஆய்விலை ஒராள்கூடத் தொலையேல்லை," என்று முடித்தபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். அடுத்த மாதமே மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. தோட்டத்துக் கழுத்துகளுக்குச் செலவு செய்து வெட்டுவது நிறுத்தப்பட்டது.

அந்தச் சுற்றறிக்கை வந்த வாரத்தில் ரெங்கம்மா வாசற்படியில் விழுந்தாள். பிறகு எழும்பவில்லை.

வீரய்யா பதுளைக்கு ஓடினான். தலைவர் கூட்டத்தில் இருந்தார். ஜுனைதீன் அவனைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு போனார். வேலை போய்விடும் என்று தெரிந்தும், மனுஷனுக்கு மனம் கேட்கவில்லை.

"அண்ணே, ஒரு தடவ மோசம்னு சொல்லீந்தா அப்பவே கொழும்புக்கு அனுப்பீப்பாங்க. நீங்க ஒரு மாசமும் சொல்லவே இல்லயே."

வீரய்யாவுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு நேரே போய், ஒரு துரையின் கதவை வாழ்க்கையில் முதல் தடவையாகத் தட்டாமல் திறந்தான்.

"அய்யா, எல்லாம் பொய்யிங்க. ஒரு மாசமும் அவ நல்லா இல்லீங்க. நான்தான் அப்படி சொல்லச் சொன்னேன். இப்ப சொல்றேங்க, மோசமுங்க. ரொம்ப மோசமுங்க. அறுத்து விடுங்க."

கனகசுந்தரத்தின் முகம் வெளுத்தது. இத்தனை காலத்தில் ரெங்கம்மாவின் நிலைமை அவரைக் கலங்கவைத்தது அன்றுதான்.

விசாரணை வைத்தார்கள். ரெங்கம்மா ஏன் விழுந்தாள் என்பதைப் பற்றியல்ல. வீரய்யா ஏன் பொய் சொன்னான் என்பதைப் பற்றி. நெறிமுறைக் குழு கூடியது. ஓய்வுபெற்ற பெரிய துரை ஒருவர் தலைமை, பக்கத்தில் ஒரு விரிவுரையாளர் அம்மா, நடுவில் தேத்தண்ணியும் மாரி பிஸ்கட்டும். வீரய்யாவுக்கு நாற்காலி இருந்தது. அவனுக்கு அதில் உட்காரத் தெரியவில்லை, நின்றான்.

"ஏன் பொய் சொன்ன?" என்றார் பெரிய துரை.

"பொய்யில்லீங்க தொரை. மரியாதைக்குச் சொன்னதுங்க."

"உன்ர மரியாதையாலை ஒரு சர்வதேச ஆய்வு மாசுபட்டுப் போச்சு," என்றார் கனகசுந்தரம். "உன்ர மனுசி விழுந்ததிலை எனக்கும் கவலைதான். ஆனா அவ ஒராள். தரவு எண்டது உலகத்துக்கே சொந்தம். அதை நீ காலாலை மிதிச்சிருக்கிறாய்."

"மோசமுன்னு சொன்னா அறுப்போம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் சொல்லியிருப்பேனுங்களே."

விரிவுரையாளர் அம்மா பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்துக்கொண்டே பொறுமையாக விளக்கினார். "அதைச் சொல்லியிருந்தால் நீங்கள் உங்கள் நன்மையைப் பார்த்துப் பதில் சொல்லியிருப்பீர்கள். நோயாளி தன் நன்மையைப் பார்க்கத் தொடங்கினால் ஆய்வே செய்ய முடியாது."

தீர்ப்பு சாயங்காலம் வந்தது. ரெங்கம்மாவின் பெயர் தொடக்கத்திலிருந்தே நீக்கப்பட்டது. அவள் இந்த ஆய்வில் ஒருபோதும் இருந்தவள் அல்ல. இல்லாத ஆளை ஆய்வின் செலவில் கொழும்புக்கு அனுப்ப முடியாது. சாதாரண நோயாளியாகப் போகலாம் என்றால், சாதாரணத் தோட்டத்துக் கழுத்துகளுக்கு வெட்டு நிறுத்தப்பட்டிருந்தது. வெட்டு வேண்டாம் என்று நிரூபித்தவர்களில் அவள் இல்லை, அந்த நிரூபணத்தால் வெட்டு இல்லாமல் போனவர்களில் இருந்தாள். ஒராள்கூடத் தொலையவில்லை என்ற வாக்கியத்தையும் யாரும் திருத்த வேண்டியிருக்கவில்லை. அவள்தான் இருக்கவே இல்லையே.

வீரய்யாவுக்கு இன்னும் ஒரு வழி மிச்சமிருந்தது. வீட்டில் போய்க் காலில் விழுவது. வெறுங்கையோடு துரை வீட்டுக்குப் போகக்கூடாது என்று லயத்துக்குப் பின்னால் போட்டிருந்த போஞ்சிக் காயைப் பறித்துப் பையில் கட்டிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நிபுணரின் வீட்டுக்குப் போனான்.

விறாந்தையில் நிபுணரின் மனைவி கமலாம்பிகை கம்பளி நூலில் என்னவோ பின்னிக்கொண்டிருந்தாள். விரல்கள் பார்க்காமலேயே ஓடின. கழுத்தின் முன்பக்கம் சின்னதாக ஒரு பிளாஸ்தர். நல்ல மனுஷி. அவனை உட்காரச் சொன்னாள், என்ன வருத்தம் என்று விசாரித்தாள். அவன் சொல்லச் சொல்ல அவளுடைய கண் கலங்கியது.

"ஐயோ பாவம். எனக்கும் இதே வருத்தம்தானே," என்றாள். "இரண்டு விரல் விறைச்சது, தேத்தண்ணிக் கோப்பை கையிலை நிக்கேல்லை. அவ்வளவுதான். இவர் அண்டைக்கே வெட்டுறதுக்குக் கொழும்புக்குக் காரை எடுத்திட்டார். ஒரு கிழமை பார்ப்பமே எண்டு நான்தான் சொன்னன். பார்த்துக்கொண்டிருந்தா கை திரும்பாது, விசர்க்கதை கதையாதை எண்டு ஏசினார். இப்ப பாருங்கோ, பேரப்பிள்ளைக்குக் காலுக்கு மேஸ் பின்னுறன்."

வீரய்யா அந்தக் கைகளைப் பார்த்தான். அவனுக்கு அப்போதுகூடக் கோபம் வரவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டான்.

"அம்மாவுக்கு எந்த உறைங்க வந்துச்சு?"

"உறையோ? என்ன உறை?" என்றாள் கமலாம்பிகை.

உள்ளேயிருந்து துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கனகசுந்தரம் வந்தார். கேள்வி அவர் காதிலும் விழுந்திருந்தது. கொஞ்சமும் தடுமாறவில்லை.

"ஆய்வு எண்டது பொதுசனத்துக்காகச் செய்யிறது, வீரய்யா," என்றார். "சொந்தக்காரரை அதுக்குள்ளை சேர்க்கிறேல்லை. சேர்த்தா அது ஊழல். நான் அந்த விசயத்திலை சரியான கண்டிப்பு."

பிறகு போஞ்சியை வாங்கிக் குசினியில் வைக்கச் சொன்னார்.

வீரய்யா லயத்துக்கு வந்து சேர்ந்தபோது ரெங்கம்மா சாக்குக் கட்டிலில் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். வழக்கம்போல ஏதாவது நல்லதாகச் சொல்ல அவன் வாயெடுத்தான். வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். விதியைச் சொன்னான், தான் கொடுத்த ரோசனை அவளை என்ன செய்துவிட்டது என்பதைச் சொன்னான், பின்னிக்கொண்டிருந்த கைகளைச் சொன்னான். சொல்லி முடித்து அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான்.

அவள் அவனைத் திட்டவில்லை. கேட்டது வேறு.

"அப்ப, அது ஆத்தா வாக்கு இல்லையா?"

"இல்ல புள்ள. ஆத்தா அந்தப் பக்கமே வரல."

"வருசக் கணக்கா அவளையில்ல திட்டிக்கிட்டுக் கெடந்தேன்," என்றாள் ரெங்கம்மா. "விடிஞ்சா திட்டுனேன், பொழுது சாஞ்சா திட்டுனேன். பாவம், அவ என்னா செய்வா." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "என்னைய பதுளைப் பக்கமா திருப்பிப் போடு."

அவன் திருப்பிப் போட்டான்.

"மண்ண வாரித் தூத்த எனக்குக் கை இல்ல. நீ தூத்து. சொல்றத நான் சொல்றேன்."

வீரய்யா தயங்கினான். ஐம்பது வயதுக்குள் ஒரு துரையையும் முதுகுக்குப் பின்னால்கூட ஏசாத மனுஷன் அவன். பிறகு வாசலுக்கு இறங்கிக் குனிந்து இரண்டு கையும் நிறைய மண்ணை வாரினான். லயத்தின் பக்கத்துக் காம்பராக்களிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். உள்ளேயிருந்து ரெங்கம்மா தொடங்கினாள், கனகசுந்தரத்தின் பெயரைச் சொல்லி, அவருடைய பட்டங்களில் ஒன்றையும் விடாமல்.